ஒளி, வெப்பம்: அறிவியல் கண்காட்சிக்கு எந்தச் சோதனையை எடுப்பது?

"சூரிய ஆற்றல்", "ஒளியின் பண்புகள்", "வெப்பம் பரவும் முறைகள்" என்று தலைப்பை எழுதிக்கொண்டு வேலையைத் தொடங்கினால், கடைசியில் மேசையில் நிற்பது பெரும்பாலும் ஒரு தெர்மகோல் மாதிரிதான். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நடுவர் வந்து "எவ்வளவு சூடு ஏறியது? எத்தனை தடவை செய்து பார்த்தீர்கள்?" என்று கேட்டால் சொல்ல எதுவும் இருக்காது. ஒளியும் வெப்பமும் வீட்டுத் திண்ணையிலேயே அளக்க முடிகிற விஷயங்கள். இவ்வளவு வசதியான துறையில் அளவெடுக்காமல் வெறும் மாதிரி செய்வது வீண்.

எனவே தலைப்பைக் கேள்வியாக எழுதிப் பாருங்கள். எதை மாற்றப் போகிறேன், எதை அளக்கப் போகிறேன், எதையெல்லாம் மாறாமல் வைத்திருக்கப் போகிறேன் என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் அது சோதனை. "சூரிய அடுப்பு" என்பது வெறும் தலைப்பு. "சூரிய அடுப்பின் மூடியில் ஒரு கண்ணாடிக்குப் பதிலாக இரண்டு போட்டால், அரை லிட்டர் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் எத்தனை டிகிரி கூடுதலாகச் சூடாகும்?" என்பது சோதனை.

முதலில் கருவியைப் பாருங்கள்

யோசனையைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கருவி தேடுவதைவிட, கையில் எந்தக் கருவி இருக்கிறது என்று பார்த்து யோசனையைத் தேர்வது நல்லது.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் எந்த வெப்பச் சோதனைக்கும் ஆகாது. அது 35 முதல் 42 டிகிரி வரைதான் காட்டும். வெந்நீரில் வைத்தால் கெட்டுப்போகும், பழைய பாதரச வகை உடையவும் உடையும். பள்ளி ஆய்வகத்தில் சிவப்புத் திரவம் உள்ள, மைனஸ் 10 முதல் 110 டிகிரி வரை காட்டும் தெர்மாமீட்டர் இருக்கும். அது போதும். இல்லாவிட்டால் மீன் தொட்டிக்கும் ஃபிரிட்ஜுக்கும் விற்கிற, வயர் நுனியில் உணரி உள்ள சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கலாம். அதன் திரையில் தசம புள்ளிக்குப் பிறகும் ஓர் எண் தெரியும். அதைப் பார்த்து அவ்வளவு துல்லியம் என்று நம்பிவிடாதீர்கள்; இரண்டு கருவிகளுக்கு இடையே ஒரு டிகிரி வித்தியாசம் சாதாரணம்.

அதனால் சோதனைக்கு முன்பே எல்லாத் தெர்மாமீட்டர்களையும் சரிபார்க்க வேண்டும். ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, இடுக்குகளை நிரப்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுக் கலக்கி, எல்லாவற்றையும் ஒன்றாக மூன்று நிமிடம் வையுங்கள். 0 காட்ட வேண்டும். ஒன்று 0.8 காட்டினால் அதன் மேல் சின்னச் சீட்டு ஒட்டி, அதன் அளவுகளில் எல்லாம் 0.8 கழியுங்கள். நோட்டில் இந்தத் திருத்தம் எழுதப்பட்டிருந்தால் நடுவர் அந்த ஒரு வரியிலேயே வேலையின் தரத்தைத் தெரிந்துகொள்வார்.

துப்பாக்கி வடிவில் இருக்கும் அகச்சிவப்பு தெர்மாமீட்டர் கிடைத்தால் நல்லதுதான், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. பளபளப்பான உலோகத்தின் மீது காட்டினால் அது உலோகத்தின் வெப்பநிலையைக் காட்டாது. உலோகத்தில் கண்ணாடிபோலப் பிரதிபலிக்கும் சுவரின், வானத்தின் வெப்பத்தையே பெரும்பாலும் படிக்கும். அளக்கும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அந்தத் துண்டின் மேல் மட்டும் அளவெடுங்கள். நெற்றியில் வைத்துப் பார்க்கும் வகை இதற்கு உதவாது. அது உடல் வெப்ப எல்லைக்குள் மட்டுமே வேலை செய்யும்.

ஒளியை அளக்கப் பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில் உள்ள ஒளி உணரியே போதும். முன்பக்கம் மேலே, காதில் வைக்கும் ஒலிப்பான் அருகில் அது இருக்கும். வெளிச்சத்தின் அலகான லக்ஸில் அளவு காட்டும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டு, விரலால் மூடி எண் சரிகிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். சில செயலிகள் உணரியை விட்டுவிட்டு கேமராவை வைத்துக் கணக்கிடும். கேமரா தானாகவே வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் அந்த எண்ணை நம்ப முடியாது.

பருவத்தையும் கணக்கில் எடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் கண்காட்சி என்றால் வெயிலை நம்பும் சோதனை வேண்டாம். பல்பும் வெந்நீரும் போதுமான ஒன்றை எடுங்கள். வெயில் சோதனைக்கு மேகமில்லாத மூன்று காலைகள் தேவை. அவை அடுத்தடுத்து வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

மூன்று டப்பா சோதனை

சாதாரணமாகத் தெரிந்தாலும், சரியாகச் செய்தால் இதைவிட ஆழமான பள்ளிச் சோதனை குறைவு. எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை யாரும் எடுக்கலாம்.

ஒரே அளவுள்ள மூன்று தகர டப்பாக்கள். காகித லேபிளைப் பசை இல்லாமல் கழுவி எடுங்கள். ஒன்றுக்குக் கறுப்பு எனாமல், ஒன்றுக்கு வெள்ளை எனாமல், இரண்டு கோட் அடித்து முழுதாய் ஒரு நாள் காயவிடுங்கள். மூன்றாவது வெறும் தகரமாகவே இருக்கட்டும். இரண்டு பெயிண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும், நிறம் மட்டுமே மாறலாம். இரண்டு செ.மீ. தெர்மகோலில் மூன்று மூடி வெட்டித் தெர்மாமீட்டர் நுழையும் துளை போடுங்கள். டப்பாக்களுக்கு அடியிலும் தெர்மகோல். ஒரே வாளியிலிருந்து ஒவ்வொன்றிலும் 200 மில்லி தண்ணீர்.

வெயிலில் எப்போது வைப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். நல்ல வெயில் வேண்டும் என்று உச்சிப்பொழுதில் வைப்பார்கள். தமிழ்நாட்டில் வருடத்தில் பல மாதங்கள் நண்பகல் சூரியன் கிட்டத்தட்டத் தலைக்கு நேர் மேலே இருக்கும். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாட்களை ஒட்டி நிழலே விழாது. அப்போது வெயில் முழுக்க விழுவது தெர்மகோல் மூடியின் மேல். பெயிண்ட் அடித்த பக்கங்கள் ஏறக்குறைய நிழலில் இருக்கும். மூன்று டப்பாவும் ஒரே மாதிரி சூடாகி, "நிறத்தால் வித்தியாசம் இல்லை" என்ற தவறான முடிவு வரும். காலை எட்டரையிலிருந்து பத்து மணிக்குள் சாய்ந்த வெயிலில் வையுங்கள். ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் விழாதபடி குறைந்தது 15 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒரு மணி நேரம் அளவெடுங்கள். ஒவ்வொரு தடவையும் டப்பாவை லேசாகச் சுழற்றித் தண்ணீரைக் கலக்கிய பிறகே படிக்க வேண்டும். சூடான தண்ணீர் மேலே போய்விடும். கலக்காவிட்டால் நீங்கள் அளப்பது உணரி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைத்தான். உணரி டப்பாச் சுவரைத் தொடக்கூடாது. மறுநாள் செய்யும்போது டப்பாக்களின் இடத்தை மாற்றிவிடுங்கள்; சுவர் ஓரம் இருந்த டப்பா காற்றுப் படாமல் கூடுதலாகச் சூடாகியிருக்கலாம்.

வெப்பநிலையோடு நிற்காமல் வெப்ப ஆற்றலையும் கணக்கிடுங்கள். ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி ஏற 4.18 ஜூல் தேவை. 200 கிராம் தண்ணீர் 10 டிகிரி ஏறினால் 8,360 ஜூல், அதாவது ஏறக்குறைய 8.4 கிலோஜூல். இந்த ஒரு பெருக்கல், வெப்பமும் வெப்பநிலையும் வேறு வேறு என்பது உங்களுக்குப் புரிந்திருக்கிறது என்று காட்டும்.

கறுப்பு முதலில் வரும், அதில் வியப்பில்லை. வெறும் தகரத்தைக் கவனியுங்கள். பளபளவென்று இருந்தாலும் அது பல சமயம் வெள்ளை டப்பாவைவிட அதிகமாகச் சூடாகும். உலோகம் வெயிலில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது, ஆனால் உறிஞ்சியதை வெப்பக் கதிராகத் திருப்பி வெளியே விடுவதில் படுமோசம். தகரக் கூரை வீடு மத்தியானத்தில் தகிப்பதற்கும், அதே தகரத்தின் மேல் வெள்ளையடித்தால் உள்ளே இதமாவதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

இப்போது இரண்டாம் பகுதி. இதைச் செய்கிறவர்கள் குறைவு. அதே மூன்று டப்பாவில் 65 டிகிரி வெந்நீர் 200 மில்லி ஊற்றி, ஃபேன் இல்லாத அறைக்குள் நிழலில் வைத்து, 60 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். பாடத்தில் "கறுப்பு நன்றாக உறிஞ்சும், நன்றாக உமிழும்" என்று படித்திருப்பதால் கறுப்பு டப்பாதான் முதலில் ஆறும் என்று எதிர்பார்ப்பீர்கள். கறுப்பும் வெள்ளையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஆறும். வெறும் தகரம் மட்டும் பின்தங்கும். எண்ணைத் திருத்திப் பாடத்துக்குப் பொருத்தாதீர்கள். உங்கள் எண் சரி.

காரணம் இது. சூரிய ஒளியின் உச்சம் 0.5 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி இருக்கிறது. 60 டிகிரி டப்பா வெளியிடும் கதிரோ 10 மைக்ரோமீட்டரை ஒட்டியது, நம் கண்ணுக்குத் தெரியாதது. வெள்ளைப் பெயிண்ட் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குத்தான் வெள்ளை; அந்த நீண்ட அலைக்கு அதுவும் கறுப்பு மாதிரியேதான். கறுப்பு, வெள்ளை இரண்டு பெயிண்டின் உமிழ்திறனும் (வெப்பக் கதிரை வெளியே விடும் திறன்; அதன் உச்ச அளவு 1) 0.9 அளவில் இருக்கும். பளபளக்கும் உலோகத்துக்கு அதில் சின்னப் பங்குதான். வெயில் வரைபடத்தையும் நிழல் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி இதை விளக்கினால், அதைவிட நல்ல முடிவுரை தேவையில்லை.

மழைக்காலத்தில் வெயிலுக்குப் பதில் பல்பு வைக்கலாம். அது குண்டு பல்பாக இருக்க வேண்டும். எல்இடி வைத்துச் செய்தால் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் ஒரு டிகிரி ஏறுவதே சந்தேகம். 9 வாட் எல்இடி 60 வாட் குண்டு பல்பு அளவுக்கு வெளிச்சம் தருவது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் மின்சாரத்தைச் செலவழிக்காததால்தான். 100 வாட் குண்டு பல்பை நடுவில் வைத்து, மூன்று டப்பாவையும் சுற்றிலும் 15 செ.மீ. தூரத்தில் வைத்து, தண்ணீரை 100 மில்லியாகக் குறையுங்கள். பல்பின் ஒளியில் அகச்சிவப்பு அதிகம் என்பதால் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலான வித்தியாசம் வெயிலில் கண்டதைவிடக் கொஞ்சம் குறையும்.

வேறு சில, சுருக்கமாக

ஆறாம், ஏழாம் வகுப்புக்கு டிவி ரிமோட் நல்ல கருவி. அது அனுப்புவது 940 நானோமீட்டர் அளவிலான அகச்சிவப்பு ஒளி. ரிமோட்டின் நுனிக்கு முன்னால் வெள்ளைத் தாளை ஒன்றொன்றாகச் சேர்த்து, எத்தனையாவது தாளில் டிவி கேட்காமல் போகிறது என்று எண்ணுங்கள். பிறகு அதே தாளில் தேங்காய் எண்ணெய் தடவி எண்ணுங்கள். எண்ணெய் தாளின் நார்களுக்கு இடையே உள்ள காற்றை நிரப்புவதால் ஒளி சிதறுவது குறையும். கூடுதல் தாள் தேவைப்படும். ரிமோட்டின் ஒளி பக்கவாட்டில் கசிந்து சுவரில் பட்டு டிவியை அடைந்தால் எண்ணிக்கை எல்லாம் பொய்யாகிவிடும். நுனியை ஓர் அட்டைக் குழாய்க்குள் நுழைத்து, தாளைக் குழாயின் மறுவாயில் ஒட்ட வைத்துப் பிடியுங்கள்.

தூரம் கூடினால் வெளிச்சம் எப்படிக் குறைகிறது என்பதை ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் எடுக்கலாம். தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும், மும்மடங்கானால் ஒன்பதில் ஒன்று. 20 செ.மீ.யில் 800 லக்ஸ் என்றால் 40இல் 200, 60இல் 89, 80இல் 50 வர வேண்டும். பெரும்பாலும் இதைவிட அதிகமாக வரும், காரணம் அறையின் வெளிச்சமும் வெள்ளைச் சுவரும். பல்பை அணைத்து ஒரு முறை அளந்து அந்த எண்ணை எல்லாவற்றிலும் கழியுங்கள். சுவரில் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். டார்ச் வேண்டாம், அதன் பிரதிபலிப்பான் ஒளியைக் குவித்துவிடுவதால் இந்த விதி பொருந்தாது. உருண்டைப் பால் பல்பை மிக அருகில் வைத்தாலும் பொருந்தாது. பல்பின் அகலத்தைப்போல ஐந்து மடங்கு தூரத்திலிருந்து தொடங்குங்கள்.

வெப்பக் காப்பு என்றால் எல்லாரும் தேங்காய் நார், உமி, செய்தித்தாள், தெர்மகோல், பழந்துணி என்று ஐந்து பொருளை வெந்நீர் டப்பாவைச் சுற்றி வைத்து ஒப்பிடுவார்கள். தவறில்லை. ஆனால் ஒரே பொருளை, உதாரணமாக உமியை, 1, 2, 3, 4 செ.மீ. தடிமனில் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்ல சோதனை. ஐந்து பட்டைகளுக்குப் பதிலாக ஒரு வளைவு கிடைக்கும், அதிலிருந்து 5 செ.மீ.க்கு என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லிச் சரிபார்க்கலாம். எதைச் செய்தாலும் டப்பாவின் வாயை மூடுங்கள். திறந்த வாய் வழியாக ஆவியாகி வெளியேறும் வெப்பமே மிக அதிகம். மூடாமல் செய்தால் எல்லாப் பொருளும் ஒன்றுபோலவே தோன்றும். உமியை இறுக்கி அமுக்காதீர்கள், காக்கும் வேலையைச் செய்வது அதற்குள் இருக்கும் காற்று.

மண்பானை குளிர்ச்சியை எடுக்க நினைப்பவர்கள் ஊரைப் பார்க்க வேண்டும். மதுரை, திருச்சி பக்கம் வறண்ட கோடைக் காற்றில் பானைத் தண்ணீர் நன்றாகக் குளிரும்; சென்னை, தூத்துக்குடி கடலோர ஈரக்காற்றில் குறைவாகவே குளிரும். அதையே கேள்வியாக வைக்கலாம். சமையலறைத் தராசில் பானையைத் தண்ணீரோடு நிறுத்து, மணிக்கு எத்தனை கிராம் குறைகிறது என்று பாருங்கள். ஒரு கிராம் ஆவியாக ஏறக்குறைய 2.4 கிலோஜூல் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்க 4.2 கிலோஜூல்தான், கணக்குப்படி இரண்டு கிராம் கூட ஆவியாக வேண்டியதில்லை. நிஜத்தில் ஏன் கூடுதலாக ஆவியாகிறது என்றால், சுற்றியுள்ள காற்று பானையைத் தொடர்ந்து சூடாக்கிக்கொண்டே இருக்கிறது.

பத்தாம் வகுப்பில் ஆர்வமும் பொறுமையும் உள்ளவர்களுக்குச் சிடி நிறமாலைமானி. சிடியில் ஒரு மில்லிமீட்டருக்கு 625 தடங்கள் உள்ளன. அவை ஒளியை நிறங்களாகப் பிரிக்கும். செருப்புப் பெட்டியின் ஒரு முனையில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான பிளவு, மறுமுனையில் சாய்வாக ஒட்டிய சிடித் துண்டு, மேலே கைபேசி கேமராவுக்குத் துளை. பிளவு சிடியின் தடங்களுக்கு இணையாக இருக்க வேண்டும். குறுக்காக இருந்தால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று கலங்கிவிடும். பிளவு அகலமானாலும் அதேதான். குண்டு பல்பு இடைவெளியில்லாத வானவில்லைத் தரும். சிஎஃப்எல் (சுருள் குழாய் பல்பு) தனித்தனிக் கோடுகள் தரும்: 436 நானோமீட்டரில் நீலம், 546இல் பச்சை. இந்த இரண்டையும் அளவுகோலாக வைத்து, படத்தில் எத்தனை மில்லிமீட்டருக்கு எத்தனை நானோமீட்டர் என்று கணக்கிட்டு, வெள்ளை எல்இடியின் நீல உச்சம் எங்கே என்று கண்டுபிடியுங்கள். 450ஐ ஒட்டி வந்தால் உங்கள் பெட்டி சரியாக வேலை செய்கிறது. பிளவைச் சூரியனை நோக்கித் திருப்பவே கூடாது.

1800இல் வில்லியம் ஹெர்ஷல் முப்பட்டகத்தின் சிவப்புக்கு அப்பால் தெர்மாமீட்டரை வைத்து அகச்சிவப்பைக் கண்டுபிடித்த சோதனையையும் பள்ளி முப்பட்டகத்தில் செய்யலாம். குமிழ்களுக்குக் கறுப்பு மை பூச வேண்டும், நிழலில் ஒரு தெர்மாமீட்டர் ஒப்பீட்டுக்குத் தேவை. ஏற்றம் ஓரிரு டிகிரிதான் இருக்கும், ஆகவே முன்பு சொன்ன ஐஸ் திருத்தம் இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம்.

லேசர் பாயிண்டர், பெரிய குவிலென்ஸ், குழியாடி வைத்த யோசனைகளைத் தவிர்ப்பதே நல்லது. மலிவான பச்சை லேசர்கள் லேபிளில் போட்டிருப்பதைவிட வலுவாக இருப்பதுண்டு. கண்ணின் விழித்திரை கெட்டுவிட்டால் திரும்பச் சரியாக வழியில்லை. குழியாடியை வெயிலில் மறந்து வைத்தால் துணியில் தீப்பிடிக்கும்.

கண்காட்சி நாளுக்கு

மண்டபத்துக்குள் வெயில் வராது, உங்கள் மேசைக்கு அருகில் பிளக் பாயிண்ட் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. அதனால் முக்கியச் சோதனையை அங்கே செய்து காட்டத் திட்டமிடாதீர்கள். மூன்று தடவை செய்த அளவுகள் எழுதிய, அடித்தல் திருத்தலோடு கூடிய அசல் நோட்டைக் கொண்டு போங்கள். அழகாகப் பிரதி எடுத்ததை விட அதற்கே மதிப்பு. சார்ட்டில் இரண்டு வரைபடங்கள் போதும், அச்சுகளில் அலகு எழுத மறக்காதீர்கள்.

நேரில் காட்ட ஒரு சின்ன விஷயம் வேண்டுமென்றால், மூன்று டப்பா சோதனைக்குப் பொருத்தமானது எவர்சில்வர் டம்ளர். பளபளப்பான டம்ளரின் வெளிப்பக்கத்தில் பாதிக்குக் கறுப்பு டேப் ஒட்டி, ஃப்ளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி, அகச்சிவப்பு தெர்மாமீட்டரை முதலில் எஃகின் மேலும் பிறகு டேப்பின் மேலும் காட்டுங்கள். ஒரே டம்ளர், ஒரே தண்ணீர், இரண்டு எண். டேப்பை முந்தின நாளே குமிழி இல்லாமல் அழுத்தி ஒட்டிவிடுங்கள், ஈரம் இருந்தால் துடைத்துவிடுங்கள். தெர்மாமீட்டரை டம்ளருக்கு ஐந்து செ.மீ.க்குள் பிடியுங்கள், தள்ளிப் பிடித்தால் அது டம்ளரோடு சேர்த்துப் பின்னால் நிற்கிறவரின் சட்டையையும் படித்துவிடும்.